ஹேண்ட்பெல் குழுவுல சேர கூப்பிடுறாங்க, டிசம்பருக்கு மட்டுமா வருஷம் பூராவுமா?

கேரி_மீனா:
எல்லாருக்கும் வணக்கம். நான் நார்த் கரோலினால கேரி பக்கம் இருக்கேன். எங்க தெருவுல ஒரு ரிட்டையர்டு டீச்சர், ரொம்ப வருஷமா ஒரு கம்யூனிட்டி ஹேண்ட்பெல் குழுவுல வாசிக்கிறாங்க. போன டிசம்பர்ல அவங்க ப்ரோக்ராமுக்கு போனோம், நீளமா மேஜை போட்டு ஆளுக்கு ரெண்டு கையிலயும் மணி வச்சுக்கிட்டு கிளவுஸ் மாட்டிட்டு நின்னு பத்து பன்னெண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறாங்க, நல்லா இருந்துச்சு. இப்ப குழுவுல ஒருத்தர் வேற ஸ்டேட்டுக்கு போறாராம், நீ வாயேன்னு என்னை கூப்பிடுறாங்க. சின்ன வயசுல வீணை வர்ணம் வரைக்கும் வந்திருக்கேன், வெஸ்டர்ன் நொட்டேஷன் சுத்தமா தெரியாது. செப்டம்பர்ல ரிகர்சல் ஆரம்பமாம், டிசம்பர்ல வரிசையா வீக்எண்ட் ப்ரோக்ராம். ஆனா டிசம்பர்லதான் நாங்க எப்பவும் சென்னை போவோம். யாராவது இதுல இருக்கீங்களா, கிறிஸ்துமஸுக்கு மட்டும் போய் வாசிச்சுட்டு வர்ற விஷயமா இது, இல்ல வருஷம் பூரா இழுக்குமா?

வெட்டி_வேலு:
மணி ஆட்டுறதுக்கு செப்டம்பர்ல இருந்தே ரிகர்சலா 😄 எங்க ஊர் வால்மார்ட் வாசல்ல சிவப்பு உண்டியல் வச்சுக்கிட்டு ஒருத்தர் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஆட்டுறார், அவர் எந்த ரிகர்சலுக்கும் போன மாதிரி தெரியலையே

சுதா_ஒஹாயோ:
வேலு, அது சால்வேஷன் ஆர்மிங்கற கிறிஸ்தவ தொண்டு அமைப்பு. 1891ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ஏழைங்களுக்கு கிறிஸ்துமஸ் சாப்பாடு போட பானை வச்சு வசூல் பண்ண ஆரம்பிச்சது, அந்த மணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அதை எப்படி ஆட்டினாலும் அடிக்கும். இதுல நாக்குக்கு ஸ்ப்ரிங் இருக்கும், முன்னாடி பின்னாடி ஒரே கோட்டுலதான் அசையும், நீங்க கையை வீசினா ஒரே ஒரு அடி, உடனே நாக்கு விலகி நின்னுக்கும். அதனாலதான் இதை தாளத்துல வாசிக்க முடியுது.

மீனா, நான் இங்க ஒரு கம்யூனிட்டி குழுவுல இருக்கேன், அதனால நேராவே சொல்றேன். டிசம்பருக்கு மட்டும்னு நினைச்சு சேராதீங்க. மத்த வாத்தியத்துல ஒரு ஆள் ஒரு வாத்தியம், இங்க குழு மொத்தமும் சேர்ந்துதான் ஒரு வாத்தியம். மூணு ஆக்டேவ் (நம்ம ஸ்தாயி மாதிரி) செட்னா 37 மணி, அஞ்சு ஆக்டேவ்னா 61, அதை பதினொண்ணு பதிமூணு பேர் பிரிச்சு எடுத்துக்கறோம். ஆளுக்கு பக்கத்துப் பக்கத்து சுரம் ரெண்டு, கூட அதோட ஷார்ப் ஃபிளாட், அதாவது அரைச் சுரம் ஏத்தினது இறக்கினது. உங்க கையில இருக்கிற ஜி வேற யாருகிட்டயும் கிடையாது, நீங்க வரலைன்னா பாட்டு பூரா ஜி வர்ற இடமெல்லாம் ஓட்டை. கல்யாணப் பந்தியில ஆளுக்கு ஒரு ஐட்டம் தூக்கிட்டு வர்றாங்கல்ல, சாம்பார்காரர் காணாமப் போனா ஒரு இலை மட்டுமா காயும், வரிசையே சாதத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும், அந்தக் கதைதான்.

வெட்டி_வேலு:
சரி சரி, சாம்பார்னு சொன்னதும் புரிஞ்சிருச்சு

பாளை_ஜெபா:
நான் மாசசூசெட்ஸ்ல பாஸ்டனுக்கு வெளிய இருக்கேன், எங்க சர்ச் பெல் கொயர்ல வாசிக்கேன். இந்த சாமான் அமெரிக்காவுல கிறிஸ்துமஸோட எப்படி ஒட்டிக்கிட்டுன்னா அதுக்கு எங்க ஊர்க்காரம்மா ஒருத்தங்கதான் காரணம் பாத்துக்கோங்க. மார்கரெட் ஷர்க்லிஃப்னு பேரு. 1902ல இங்கிலாந்து போயி கோபுர மணி அடிக்கக் கத்துக்கிட்டு, திரும்பி வரும்போது கையோட ஒரு ஹேண்ட்பெல் செட்டும் கொண்டு வந்தாங்க. 1923ல பீக்கன் ஹில் ரிங்கர்ஸ்னு ஒரு குழு ஆரம்பிச்சாங்க, பீக்கன் ஹில்ங்கறது பாஸ்டன்ல ஒரு பேட்டை. கிறிஸ்துமஸ் முந்தின ராத்திரி பீக்கன் ஹில் தெருவுல மணியோட கேரல் போறதும் அந்தக் குடும்பத்துலதான் பரவிச்சு. 1954ல நாடு தழுவின சங்கம் ஆரம்பிச்சப்போ முதல் தலைவரும் அவங்கதான், இப்ப அதுக்கு ஹேண்ட்பெல் மியூசீஷியன்ஸ் ஆஃப் அமெரிக்கான்னு பேரு.

மீனாம்மா, நீங்க கேக்காம விட்ட ஒண்ணையும் சொல்லிருதேன், சர்ச் கொயர் வேற கம்யூனிட்டி கொயர் வேற. சர்ச்சுல ஆராதனைக்காக வாசிக்கோம், கம்யூனிட்டி குழுவுல யாரும் யாரையும் என்ன சாமி கும்பிடுதீங்கன்னு கேக்க மாட்டாங்க. ஆனா மணியும் ரிகர்சல் ரூமும் நிறைய இடத்துல சர்ச்சோடதுதான், ஏன்னா புது செட் மூணு ஆக்டேவே பத்தாயிரம் டாலரைத் தாண்டிரும், அதை ஒரு குழு தானா வாங்குறது லேசுப்பட்ட காரியமில்ல. ஒருகாலத்துல யாரோ நினைவா ஒரு குடும்பம் வாங்கிக் குடுத்த செட் எத்தனையோ சர்ச்சுல அலமாரியில பூட்டிக் கிடக்கு, வாசிக்க ஆளில்லாம. பக்கத்துல ஒரு கம்யூனிட்டி குழு இருந்தா அதுக்கு உயிர் வந்துரும்.

லீட்ஸ்_குமரன்:
இஞ்ச யோர்க்ஷயர்ல இருந்து எழுதுறன். அமெரிக்காக்காரர் கதைக்கிறதைக் கேட்டா ஏதோ தங்கட சாமான் மாதிரி இருக்கும், உண்மையில இது இங்கிலாந்தின்ர. வில்ட்ஷயர்ல ஆல்ட்போர்ன் எண்டு ஒரு கிராமம், அங்க 1700ஐ ஒட்டி ராபர்ட் கோர், வில்லியம் கோர் எண்ட சகோதரர் ரெண்டு பேர் சுருதி சேர்த்த கைமணி வார்த்தவை. எதுக்கெண்டா கோயில் கோபுரத்தில மணி அடிக்கிற ஆக்கள் பயிற்சி எடுக்கத்தான். கோபுரத்துக்க சரியான குளிர், அதோட ராத்திரி ராத்திரியா பெரிய மணி அடிச்சா ஊர்ச்சனம் விடுமே? கைமணியைத் தூக்கிக்கொண்டு பப்புக்குள்ள போயிருந்து பழகிறது.

அவை அடிச்சது பாட்டும் இல்லை, கணக்கு, எந்த மணிக்குப் பிறகு எந்த மணி எண்ட வரிசையை மாத்தி மாத்தி அடிக்கிறது. ஆறு மணி எண்டா 720 வரிசை, ஏழு எண்டா 5040, ஒரு வரிசை ரெண்டாம் தரம் வரக்கூடாது, கையில பேப்பரும் இருக்காது, எல்லாம் மனப்பாடம். இண்டைக்கும் செய்யினம். பாட்டு வாசிக்கிறது பிறகுதான் பெருசா வந்தது, 19ஆம் நூற்றாண்டில எங்கட யோர்க்ஷயர், லங்காஷயர் ஆலைத் தொழிலாளர் ஊருக்கு ஊர் குழு வச்சிருந்தவை, மான்செஸ்டர் பெல் வியூவில போட்டி நடக்கும். லங்காஷயர் குழு ஒண்டை பி.டி. பார்னம் எண்ட சர்க்கஸ்காரன் 1840களில அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய், சுவிஸ் உடுப்புப் போட்டுவிட்டு "சுவிஸ் பெல் ரிங்கர்ஸ்" எண்டு காசு பார்த்தவன். ஆக்கள் இங்கிலீஷ் ஆக்கள், விளம்பரம் சுவிஸ் 😂 ஷர்க்லிஃப் அம்மாக்கு அறுபது வருசத்துக்கு முதலே அமெரிக்கா கைமணி கேட்டிட்டுது ஜெபா.

பாளை_ஜெபா:
குமரன் சொல்லுதது சரிதான், ஆனா பார்னம் வேடிக்கை காட்டினான், அதைப் பாத்துட்டு ஜனங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு "நீயும் ரெண்டு மணி பிடி"ன்னு சொன்னது அந்தம்மாதான. நான் அதைத்தான் சொல்லுதேன்.

லீட்ஸ்_குமரன்:
அது சரி, ஒத்துக்கொள்ளுறன்.

டாலஸ்_ராகவன்:
எல்லாரும் ஹிஸ்டரி சொல்றீங்க, நான் நேரடியா கேக்கறேன். மீனா மேடம் வீணை வாசிச்சவங்க. டிசம்பர்ல சென்னையில சீசன், காலையில இருந்து ராத்திரி வரைக்கும் சபா சபாவா கச்சேரி, அதை விட்டுட்டு ரெண்டு சுரத்தை கையில பிடிச்சுக்கிட்டு நம்பர் வர்றப்போ ஆட்டிட்டு நிக்கணுமா? இதுல என்ன சங்கீதம் இருக்கு? கமகம் கிடையாது, ராகம் கிடையாது, ஒரு ஆள் நினைச்சா ஒரு வரி கூட முழுசா வாசிக்க முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க, அந்த நேரத்துல தூசி படிஞ்ச வீணையை எடுத்து வாசிக்கலாமே.

சுதா_ஒஹாயோ:
ராகவன் சார், தப்பா எடுத்துக்கல. ஒரு ஆளால ஒரு வரி வாசிக்க முடியாதுங்கறது உண்மை, எனக்கு பிடிச்சதே அதுதான். நான் பியானோ படிச்சவ, பியானோவுல எல்லாமே என் பத்து விரலுக்குள்ள. இங்க என் சுரம் வர்றதுக்கு முன்னாடி அரை பீட்ல பக்கத்து ஆள் அடிப்பார், அவர் எவ்வளவு சத்தமா அடிச்சாரோ அதே அளவுக்கு நான் அடிச்சாதான் மெட்டு மெட்டா கேக்கும், கொஞ்சம் ஓங்கிட்டா அந்த ஒரு சுரம் மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும். இதுல காது வேலை செய்யற மாதிரி எனக்கு பியானோவுல செஞ்சதே இல்ல.

வெறும் ஆட்டுறது மட்டும்னு நினைக்காதீங்க. அடிச்சதும் தோள்ல சாய்ச்சு ஓசையை நிறுத்தணும், எப்ப நிறுத்தறோம்ங்கறதுதான் பாதி சங்கீதம், கத்துக்குட்டிங்க அடிக்கறதுல தப்பு பண்றதை விட நிறுத்தறதுல பண்ற தப்புதான் அதிகம். மேஜையில நாலு இஞ்ச் ஃபோம் போட்டிருக்கறது அழகுக்கு இல்ல, மணியை அதுல படார்னு வச்சே அடிக்கலாம், அதுக்கு மார்ட்டலாட்டோன்னு பேர், சத்தம் சுருக்குனு நின்னுரும். மணியை மேஜையில வச்சுட்டு குச்சியால தட்டலாம், நாக்கை விரலால தெறிக்கலாம், கட்டை விரலை மேல வச்சு மந்தமா அடிக்கலாம், பெரிய மணியை அடிச்சுட்டு கையை கீழ தொங்கவிட்டு ஊஞ்சலா ஆட்டலாம். மேல இருக்கிற குட்டி மணிக்காரங்க ஒரே கையில ரெண்டு மணி பிடிப்பாங்க, ஒண்ணை முன்னாடி வீசினா ஒண்ணு, மணிக்கட்டை பக்கவாட்டுல தட்டினா இன்னொண்ணு. அடி மணிக்காரங்களுக்கு வேற கஷ்டம், பெரிய மணியை எடுத்து வச்சு எடுத்து வச்சு மறுநாள் தோள்பட்டை பிடிச்சுக்கும்.

கணக்கு_வாத்தி:
ஓசையைப் பத்தி ஒரு விஷயம் சொல்லிட்டு போறேன். கோபுர மணியை கேட்டா ஒரு சோகம் இருக்கும் பாருங்க, அதோட மேலோசைகள்ல ஒரு மைனர் தேர்ட், நம்ம சாதாரண காந்தாரம், தூக்கலா கேக்கும், அதனாலதான். ஹேண்ட்பெல்லை கடைஞ்சு சுருதி சேர்க்கறப்போ மூல அதிர்வெண்ணுக்கு மூணு மடங்குல, அதாவது ஒரு ஆக்டேவ் தாண்டி பஞ்சமத்துல மேலோசை வர்ற மாதிரி பண்றாங்க. நம்ம ஆள் காதுக்கு சா பிடிச்சா கூடவே மேல் பா கேக்கற மாதிரி, தம்புரா பழக்கம் இருக்கிறவங்களுக்கு டக்குனு பிடிபடும். வெண்கலம்தான், செம்பு எட்டுப் பங்கு வெள்ளீயம் ரெண்டு பங்கு. கிளவுஸ் போடறது குளிருக்கு இல்ல, கை எண்ணெய்யும் வேர்வையும் பட்டா மணி கறுத்துரும். கூடவே ஒரு செய்தி, இந்த மணி எல்லாம் நோட்டுல எழுதியிருக்கறதை விட ஒரு ஆக்டேவ் மேல ஒலிக்கும், மொத்தமா மேல்ஸ்தாயி வாத்தியம். அதான் மண்டபத்துல பின்னாடி வரிசை வரைக்கும் கேக்குது.

கேரி_மீனா:
இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல, ரொம்ப நன்றி. ராகவன் சார் கேட்டது என் மனசுலயும் இருக்கு, அதை பொய் சொல்ல மாட்டேன். சுதா அக்கா, நொட்டேஷன் தெரியாம எப்படி சமாளிக்கறது? அப்புறம் டிசம்பர் முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க, அதே கேரலையா திருப்பி வாசிப்பீங்க?

சுதா_ஒஹாயோ:
நொட்டேஷன் பயப்படற அளவுக்கு இல்ல மீனா. முழுசா படிக்க வேண்டாம், உங்க கையில இருக்கிற ரெண்டு சுரம் கோட்டுல எங்க உக்காருதுன்னு தெரிஞ்சா போதும். எல்லாரும் பேப்பர்ல இடது கை சுரத்தை ஒரு கலர், வலது கை சுரத்தை ஒரு கலர் போட்டு வட்டம் போட்டுக்குவாங்க, வருஷக்கணக்கா வாசிக்கறவங்க கூட. கஷ்டம் கண்ணுக்கு இல்ல, எண்றதுக்கு. நாலு பார் (நம்ம ஆவர்த்தனம் மாதிரி) சும்மா நின்னுட்டு அஞ்சாவது பார்ல மூணாவது பீட்ல ஒரே ஒரு அடி, நடுவுல மனசு எங்கயாவது போச்சுன்னா போச்சு. நீங்க வர்ணம் வரைக்கும் தாளம் போட்டவங்க, கை ஓஞ்சிருக்கும்போதும் தாளம் உள்ள ஓடும், அது இங்க பாதி பேருக்கு இல்லாத சொத்து.

டிசம்பருக்கு அப்புறம் பத்தி கேட்டீங்களே, எனக்கு அதுதான் நிஜ சீசன். டிசம்பர்ல ஜனங்க கேரல்தான் எதிர்பாப்பாங்க, பனி பாட்டு, ரெண்டு கிளாசிக்கல், டிக்கெட்டும் விக்கும், குழுவோட வருஷ செலவுல பெரிய பங்கு அந்த நாலு வாரத்துலதான் வரும், அதை குறைச்சு பேச மாட்டேன். ஆனா ஜனவரில இருந்து புது பேப்பர் வரும். மணிக்குன்னே எழுதின இசை எக்கச்சக்கமா இருக்கு, சினிமா தீம், ஜாஸ், ராக் கூட. உங்க ஊர் பக்கத்துலயே ராலி ரிங்கர்ஸ்னு ஒரு குழு 1990ல இருந்து இருக்கு, ஆடிஷன் வச்சு எடுக்கறவங்க, அவங்க ராக் வாசிக்கறதை யூடியூப்ல பாருங்க, ஆனா அதை பாத்துட்டு பயந்துராதீங்க, உங்க பக்கத்து வீட்டம்மா குழு அந்த அளவு இருக்கணும்னு இல்ல. வசந்தத்துல ஒரு கச்சேரி, சீனியர் சிட்டிசன் ஹோம்ல வாசிப்போம், ஸ்கூல்ல பிள்ளைங்க கையில குடுத்து அடிச்சுப் பாக்க சொல்லுவோம், சில வருஷம் ஃபெஸ்டிவல் போவோம், அங்க பல ஊர் குழு சேர்ந்து நூத்துக்கணக்கான பேர் ஒரே ஹால்ல ஒரே பாட்டை அடிப்பாங்க, தரை அதிரும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது சீனியர் ஹோம்தான். கச்சேரி ஹால்ல யாரும் மணியை தொட விடமாட்டோம், அங்க வாசிச்சு முடிச்சதும் ஒரு செட் கிளவுஸை அவங்க கையில மாட்டிவிடுவோம்.

டாலஸ்_ராகவன்:
சரி, தாளம் விஷயத்துல சுதா மேடம் சொல்றதை ஒத்துக்கறேன். கமகத்துக்கு என்ன பதில்?

கணக்கு_வாத்தி:
கமகத்துக்கு பதில் கிடையாது, வராது. வெண்கலத்தை வளைச்சு வாசிக்க முடியாதே. ஆனா கமகமே இல்லாத கர்நாடக உருப்படி இருக்கே ராகவன், முத்துசுவாமி தீட்சிதரோட நோட்டுஸ்வரம். மெட்ராஸ்ல இங்கிலீஷ்காரன் பேண்டு வாசிச்ச மெட்டைக் கேட்டு சங்கராபரணத்துல நேர் சுரமா, சமஸ்கிருதத்துல சாகித்யம் போட்டு பண்ணது. வெள்ளைக்காரன் மெட்டு அங்க இருந்து இங்க வந்து சாமி பாட்டாச்சு, இப்ப அதை இங்கிலீஷ் மணியில அடிச்சா வந்த இடத்துக்கே திரும்பப் போகுது. சங்கராபரணம்னா சி மேஜர், ஷார்ப் ஃபிளாட் எடுத்து வைக்கற தொல்லையே இல்ல. கத்துக்குட்டி குழு கூட வாசிக்கும்.

டாலஸ்_ராகவன்:
அட. இது நல்லா இருக்கே. இதுக்கு நான் டிக்கெட் வாங்கி வருவேன்.

பாளை_ஜெபா:
ராகவன் சார் கட்சி மாறிட்டாரு 😄

லீட்ஸ்_குமரன்:
வாத்தி, அதை ஆரும் எழுதித் தந்தா எங்கட ஆக்களிட்டயும் குடுப்பன். இஞ்ச நாங்கள் தோளில வச்சு நிப்பாட்டிறது குறைவு, பழைய யோர்க்ஷயர் முறையில மேஜையில இருந்து எடுத்து அடிச்சிட்டு மெத்தையிலயே வச்சிடுறது, வேகமான பாட்டுக்கு நல்லாப் பொருந்தும். ஒரு ஆள் முன்னால ஏழெட்டு மணி கிடக்கும், கை ஓடித் திரியும்.

சுதா_ஒஹாயோ:
மீனா டிசம்பர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, அதை சொல்லி முடிக்கறேன். எங்க பக்கத்து குழு ஒண்ணுல ஒருத்தர் செப்டம்பர்ல சேர்ந்து நல்லா வாசிச்சுட்டு, டிசம்பர் ரெண்டாவது வாரம் டிக்கெட் போட்டிருக்கேன்னு நவம்பர் கடைசில, தேங்க்ஸ்கிவிங்ல வந்து சொன்னார். டைரக்டர் ஒண்ணும் சொல்லல. பக்கத்துல நின்ன ரெண்டு பேரும் அவர் மணியை பங்கு போட்டு எடுத்து, கை நிறைய மணியோட கச்சேரி பண்ணாங்க. அடுத்த வருஷம் அவரை யாரும் கூப்பிடல, கோவத்துல இல்ல, அவர் இடத்துல வேற ஆள் வந்தாச்சு. அதனால இப்ப செப்டம்பர்ல சேர வேண்டாம். சென்னை போயிட்டு வாங்க, ஜனவரில சேருங்க. டிசம்பர் முடிஞ்சதும் எந்த குழுவுலயும் ரெண்டு பேராவது கழண்டுக்குவாங்க, அப்ப ஆள் தேடுவாங்க. எல்லாருக்கும் பேப்பர் புதுசு, எல்லாரும் தடுமாறுவாங்க, நீங்க மட்டும் புதுசா தெரிய மாட்டீங்க. மே வரைக்கும் வாசிச்சுப் பாருங்க, அடுத்த டிசம்பரை அப்புறம் வீட்டுல பேசி முடிவு பண்ணுங்க.

கேரி_மீனா:
அக்கா இது தோணவே இல்ல எனக்கு. ஆனா அவங்களுக்கு ஆள் இப்ப தானே வேணும்?

சுதா_ஒஹாயோ:
இப்ப சப்ஸ்டிட்யூட்டா பேர் குடுங்க. யாருக்காவது உடம்பு சரியில்லன்னா ரிகர்சலுக்கு மட்டும் போய் நில்லுங்க, கச்சேரிக்கு வர மாட்டேன்னு முதல் நாளே டைரக்டர் கிட்ட சொல்லிருங்க. இப்பவே சொன்னா அவங்க வேற ஏற்பாடு பண்ணிக்குவாங்க.

கேரி_மீனா:
பேசிட்டேன், டீச்சரம்மா கிட்டயும் டைரக்டர் கிட்டயும். ரெண்டு பேருக்கும் சம்மதம், ஜனவரில என்னை டி, ஈ சுர மணிகள் கிட்ட நிக்க வைக்கறாங்களாம். நடுவுல வியாழக்கிழமை சும்மா வந்து பாருன்னாங்க. கிளவுஸ் நான் வாங்கிட்டு போகணுமா?

சுதா_ஒஹாயோ:
முதல் நாள் அவங்களே குடுப்பாங்க, டப்பா நிறைய வச்சிருப்பாங்க. மோதிரத்தையும் வளையலையும் வீட்டுலயே கழட்டி வச்சுட்டு போங்க, மணியில கீறல் விழுந்தா அந்த டீச்சரம்மாவே உங்களை சும்மா விட மாட்டாங்க. ரெண்டு மணி நேரம் நிக்கணும், நல்ல ஷூ போட்டுக்கோங்க.

வெட்டி_வேலு:
வாத்தி அந்த நோட்டுஸ்வரத்தை எழுதிட்டீங்கன்னா இங்கயே போடுங்க, எங்க அபார்ட்மெண்ட்ல பிள்ளைங்க கிட்ட எட்டு கலர்ல பிளாஸ்டிக் பிடி போட்ட பொம்மை மணி செட் இருக்கு, சி மேஜர்தான்னு டப்பாவுல போட்டிருக்கு, பொங்கலுக்கு ஒரு கை பாத்துருவோம்

கணக்கு_வாத்தி:
எட்டு மணிக்குள்ள அடங்கற மாதிரி ஒண்ணு பாத்து இந்த வீக்எண்ட் எழுதறேன். எட்டாவது மணி மேல் சா தானான்னு மட்டும் அடிச்சுப் பாத்து சொல்லுங்க.